திரும்பி வர யார் துணை

நவம்பர் 4, திங்கள்

இன்று மாலை தொழிலாளர் கிளப்பில் எழுந்து நின்று ஒரு வாக்குக் கொடுத்துவிட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் எழுந்தேன்.

நடந்ததை முறையாக எழுதிவிடுகிறேன். நேற்று சாயங்காலம், மேட்டிலுள்ள பத்தாம் லைன் குடியிருப்பில், வீட்டுக்குப் பின்னால் விளையாடிக்கொண்டிருந்த பிர்சா என்ற நான்கு வயதுப் பையனைச் சிறுத்தை கவ்விவிட்டது. ஜார்க்கண்டிலிருந்து வந்து இங்கே கொழுந்து பறிக்கும் சுமந்தியின் மகன். சுமந்தி கொதிக்கிற சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து அப்படியே தூக்கிக்கொண்டு ஓடி அதன் மேல் வீசியிருக்கிறாள். அது பையனை விட்டுவிட்டுத் தேயிலைக்குள் இறங்கிவிட்டது. போர்வையில் போட்டு மருந்தகத்துக்குத் தூக்கிவந்தார்கள். டாக்டர் புதன்கிழமை மட்டும்தான் மலையேறி வருவார். மற்ற நாளெல்லாம் எஸ்டேட் மருந்தகம் என்றால் நான்தான். கழுவி, கட்டி, ஊசி போட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காயத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. பையன் பிழைத்துவிடுவான் என்று கோயம்புத்தூரிலிருந்து இன்று போன் வந்தது.

வண்டியில் ஏறுமுன் சுமந்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சோற்றுக் கஞ்சியில் வெந்து கொப்பளித்திருந்தது. "சார். சாலோ, பாத்துக்கோ. ஸ்கூல் வழி, பாத்துக்கோ." சாலோ அவளுடைய மூத்த பெண். மூன்றாம் வகுப்பு.

கிளப்பில் பேச்சு முழுக்க அந்த வழியைப் பற்றித்தான். ஐப்பசி மழையில் ஓடைப்பாலம் இடிந்ததிலிருந்து ஸ்கூல் வேன் மருந்தக முக்கோடு நின்றுவிடுகிறது. சாயங்காலம் அங்கிருந்து பத்தாம் லைன் பிள்ளைகள் ஐந்து பேரும் தேயிலைக்கு நடுவே ஏறி, ஓடையைத் தாண்டி, சோலைக்காட்டு ஓரமாகப் போக வேண்டும். அந்நேரம் பெற்றவர்கள் எல்லாம் கொழுந்து எடை போடும் இடத்தில் நிற்பார்கள். பாலம் சரியானதும் ஜீப் விடுவதாக மேனேஜர் சொன்னார். "அதுவரைக்கும் யாரு கூடப் போறது?" என்று ஒருவர் கேட்டார்.

"நான் கொண்டுபோய் விடறேன்" என்றேன்.

கை தட்டினார்கள். உடம்பெல்லாம் சூடாக, சந்தோஷமாக இருந்தது. மருந்தகத்தில் ஆயாவாக இருக்கும் பேச்சியம்மா மட்டும் கை தட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாளையிலிருந்து.

நவம்பர் 5, செவ்வாய்

விடாத மழை. பள்ளிகளுக்கு விடுமுறை. நான் தயாராகத்தான் இருந்தேன். கொய்யா மரத்தில் ஒரு நல்ல கம்புகூட வெட்டி வைத்திருந்தேன்.

மகளின் படிப்புக்காகப் பொள்ளாச்சியில் இருக்கும் எஸ்தர் போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னேன். "ஊர்ல வேற ஆம்பளையே இல்லையா? பல்லி விழுந்தா கட்டில் மேல ஏறுற ஆளு நீங்க" என்றாள். பல்லி வேறு, இது வேறு என்றேன்.

நவம்பர் 6, புதன்

டாக்டர் வரும் நாள். கூட்டம். மருந்து கொடுத்து முடித்து நிமிர்ந்தபோது வேன் வந்து போய்விட்டது. பேச்சியம்மாவும் அந்த லைனில்தான் இருக்கிறாள். தானே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டதாகப் பிறகு தெரிந்தது. வழக்கமாக அவள் வேன் வருமுன்பே, வெளிச்சம் இருக்கும்போதே புறப்பட்டுவிடுவாள். முழங்கால் வலி, வேகமாக நடக்க முடியாது.

எஸ்தர் ராத்திரி கேட்டாள், "போனீங்களா?" போனேன் என்றேன். நாளை போகத்தானே போகிறேன்.

நவம்பர் 7, வியாழன்

காலையிலிருந்து தலை பாரம். காய்ச்சல் பார்த்தேன், இல்லை. தெர்மாமீட்டர் பழசு. மதியத்துக்கு மேல் படுத்துவிட்டேன். பேச்சியம்மா எட்டிப் பார்த்து, "படுத்துக்கிடுங்க சார், நான் புள்ளைகளக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை. ஆகவே எழுதிவிடுகிறேன். கிளப்பில் எழுந்து நின்றபோது நான் ஒன்றை யோசிக்கவில்லை. அன்று படுக்கையில் கிடந்தபோதுதான் தோன்றியது. பேச்சியம்மா போனால் அவள் வீட்டுக்குப் போகிறாள். அவ்வளவுதான். எனக்கு அப்படி இல்லை. என் குவார்ட்டர்ஸ் மருந்தகத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஏறும்போது பிள்ளைகளோடு சேர்த்து ஆறு பேர். இருட்டுகிற நேரத்தில் திரும்பி வரும்போது நான் ஒருத்தன்.

ஓடைப் பக்கம் வனத்துறைக்காரர்கள் கூண்டு வைத்திருக்கிறார்கள். உள்ளே ஆடு. காற்று இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அது கத்துவது கேட்கிறது. சிறுத்தையை வழிப்பக்கம் வா வா என்று கூப்பிடுவது போல.

காயத்தையும் எழுதிவிடுகிறேன், எழுதினால் தலையிலிருந்து போகும் என்று நம்பி. கிழிந்து குதறியிருக்கும் என்று நினைத்துத்தான் போர்வையை விலக்கினேன். அப்படி ஒன்றும் இல்லை. கழுத்துக்குக் கீழே இரண்டு துளை, பின்னால் இரண்டு துளை. ஆணி அடித்த மாதிரி சுத்தமான துளைகள். என் சுண்டுவிரல் உள்ளே போகும். அந்தச் சுத்தம்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

மேனேஜர் அலுவலகத்தில் ஒரு வேலை. இருட்டியபின்தான் வந்தேன்.

நவம்பர் 9, சனி

காலையில் பேச்சியம்மா இடது மணிக்கட்டு வீங்கி, முழங்கால் தோல் உரிந்து வந்து நின்றாள். நேற்று ஓடையைத் தாண்டும்போது தேயிலைக்குள் ஏதோ அசைந்திருக்கிறது. பிள்ளைகள் அலறி ஓட, பிடிக்கப் போனவள் கல்லில் விழுந்துவிட்டாள். அசைந்தது காட்டுப்பன்றியாகக்கூட இருக்கலாம். பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை.

கட்டுப் போட்டேன். முடித்துக் கத்தரிக்கோலை வைத்த பிறகு அவள் சொன்னாள்:

"அந்தப் புள்ள சாலோ இருக்கே, வேன்ல இருந்து எறங்குனதும் மருந்தக வாசலத்தான் பாக்குது. நான் வா போலாம்ங்கறேன். அசைய மாட்டேங்குது. 'சார் வருவாரு, அம்மா சொல்லிச்சு'ங்குது. கையப் புடிச்சு இழுத்துட்டுப் போக வேண்டியிருக்கு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சாருக்குக் காய்ச்சல்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?"

எழுந்து போய்க் கையைக் கழுவினேன். கழுவ ஒன்றும் இல்லை.

நவம்பர் 10, ஞாயிறு

பகலில் ஒருமுறை நடந்து பழகிக்கொள்ளலாம் என்று கம்பை எடுத்துக்கொண்டு போனேன். நல்ல வெயில். ஓடை வரை போனேன். ஆடு கத்தியது. வந்துவிட்டேன்.

நவம்பர் 11, திங்கள்

போய்விட்டு வந்தேன். எழுத்து கோணலாகத்தான் வரும்.

வேன் வருவதற்கு முன்பே முக்கில் போய் நின்றுவிட்டேன். உள்ளே இருந்தால் ஏதாவது வேலை வந்துவிடும் என்று என் மேலேயே எனக்குச் சந்தேகம். சாலோ இறங்கினாள், என்னைப் பார்த்தாள், வந்து பக்கத்தில் நின்றுகொண்டாள். மூன்று நாள் வராததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"காய்ச்சல் போச்சா சார்?" என்றான் கிஷோர். ஐந்தாம் வகுப்பு, அவன்தான் பெரியவன்.

"போச்சுடா."

சின்னப் பிள்ளைகளை நடுவில் விட்டு, கிஷோரை முன்னால் விட்டு, நான் கடைசியில். கிஷோர் வழியெல்லாம் கிரிக்கெட் பேசினான். மூடுபனி தேயிலைக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு சின்னவள் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தாள். சாலோ சட்டென்று அவள் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். "குனியக் கூடாது. குனிஞ்சா சின்னதாத் தெரிவோம்." தம்பி குனிந்துதான் இருந்தானோ என்னவோ. கேட்கவில்லை.

மேலே போய்ச் சேர்ந்ததும் பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டுக்குள் மறைந்துபோனார்கள். சாலோ பேச்சியம்மா வீட்டில்தான் தங்கியிருக்கிறாள். அப்பா அம்மா இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில். பேச்சியம்மா பால் இல்லாத கட்டன் டீ கொடுத்தாள். மெதுவாகக் குடித்தேன். அவள் கணவருக்கு ரத்தக் கொதிப்பு பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கும் பார்த்தேன். அதற்கு மேல் பார்க்க ஆள் இல்லை.

எடை போட்டு முடித்து லைன்காரர்கள் மலையின் மறுபக்கம் சுற்றிவரும் தொழிற்சாலை ரோடு வழியாக லாரியில் வந்து இறங்கினார்கள். "சார் இருக்காருல்ல, இனிக் கவலையில்ல" என்று ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவரிடம் 'என்கூடக் கொஞ்ச தூரம் வாங்க' என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை.

இறங்கினேன். டார்ச் வெளிச்சம் பனியில் முட்டி என் முகத்துக்கே திரும்பி வந்தது. நான் நடக்கும் சத்தம் எனக்குப் பின்னால் யாரோ நடப்பது போலக் கேட்டது. நின்றால் நின்றது. ஓடைக்கிட்டே ஆடு கத்தாமல் இருந்தது. அது ஏன் கத்தவில்லை என்று யோசித்ததுதான் தப்பு. ஓடக் கூடாது என்று எனக்கே தெரியும். ஓடினேன்.

எஸ்தரிடம், எஸ்டேட்டில் ஜீப் விட்டுவிட்டார்கள், இனி நான் போக வேண்டியதில்லை என்று சொன்னேன். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றாள்.

நவம்பர் 12, செவ்வாய்

போனேன். வந்தேன்.

நவம்பர் 13, புதன்

டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனேன். வரும்போது சோலைக்குள் ரம்பம் போட்டு மரம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். இரண்டு இழுப்பு, நின்றுவிட்டது. இந்நேரத்தில் யார் மரம் அறுப்பார்கள்? சிறுத்தை இப்படித்தான் உறுமும் என்பார்கள்.



நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தினம். பிள்ளைகள் வேனிலிருந்து இறங்கும்போதே கையில் ஆளுக்கொரு லட்டு. கிஷோர் தன்னுடையதில் பாதியைப் பிட்டு எனக்குக் கொடுத்தான். நன்றாக இருந்தது.

ஓடையைத் தாண்டி, வழி வளைகிற இடத்தில் ஒரு பாறை உண்டு. அதன் மேல் அது உட்கார்ந்திருந்தது.

முதலில் பாறையின் நிறம் மாறியிருக்கிறது என்றுதான் நினைத்தேன். பிறகு வால் அசைந்தது. முன்னால் போன கிஷோர் நின்றுவிட்டான். அவனுக்கும் அதற்கும் நடுவே மருந்தக முன்னறை அளவு தூரம்தான். அவன் உடம்பு திரும்புவது தெரிந்தது, ஓடப் போகிறான். எப்படி முன்னால் போனேன் என்று தெரியவில்லை, அவன் சட்டைக் காலரை என் கை பிடித்திருந்தது. மற்ற பிள்ளைகள் என் முதுகில் ஒட்டிக்கொண்டார்கள்.

சத்தம் போட வேண்டும் என்று தெரியும். வாய் திறந்தது, காற்றுதான் வந்தது. அது என்னைப் பார்த்தது. கோபமெல்லாம் இல்லை. கடைக்காரர் தராசைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

பிறகு எனக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. இருபது வருடமாக மருந்து கொடுக்கும் ஜன்னல் வழியே எதைக் கத்திக்கொண்டிருக்கிறேனோ அதுதான் வந்தது.

"காலைல ஒண்ணு! ராத்திரி ஒண்ணு! சாப்பிட்ட பிறகு! வெறும் வயித்துல போடக் கூடாது! கேக்குதா? அடுத்த வாரம் வரணும்! சீட்டு கொண்டுவரணும்!"

கம்பால் தரையை அடித்தேன். பிள்ளைகளும் கத்த ஆரம்பித்தார்கள். கிஷோர் "சீட்டு! சீட்டு!" என்று தொண்டை கிழியக் கத்தினான். அது எழுந்தது. சோம்பல் முறித்தது. அவசரமே இல்லாமல் பாறையின் மறுபக்கம் இறங்கித் தேயிலைக்குள் போனது. செடிகள் அசைவது கீழ்நோக்கிப் போயிற்று. அதாவது நான் திரும்பி வர வேண்டிய பக்கம்.

என் கால்சட்டை நனைந்திருந்தது. அப்போதுதான் தெரிந்தது. பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கும். சாலோ என் கையைப் பிடித்துக்கொண்டாள். லைன் வரை விடவில்லை.

மேலே போனதும் பிள்ளைகள் ஊரைக் கூட்டிவிட்டார்கள். "சார் கத்துனாரு, புலி ஓடியே போச்சு!" இங்கே சிறுத்தையும் புலிதான். பெண்கள் கன்னத்தில் கை வைத்தார்கள். "கம்பவுண்டர் சாருக்குப் பயம்ங்கறதே கெடையாது" என்று ஒருவர் சொன்னார். பேச்சியம்மா என்னை உள்ளே கூப்பிட்டுத் தன் கணவருடைய வேட்டி ஒன்றைக் கொடுத்தாள். "மழையில நனைஞ்சிருச்சு போல, மாத்திக்கிடுங்க" என்றாள். இன்று மழையே பெய்யவில்லை.

அத்தனை கூட்டத்தில், 'சாரைக் கொண்டுபோய் விட்டு வாங்கப்பா' என்று யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை. புலியையே விரட்டியவனுக்குத் துணை எதற்கு? ரத்தக் கொதிப்புக்காரப் பெரியவர் மட்டும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் வந்தார். வளைவு வந்ததும் நின்றார். "நானும் திரும்பணுமே சார்" என்றார். நியாயம்தான்.

அந்தப் பாறையைத் தாண்டி எப்படி வந்தேன் என்பதை எழுத மாட்டேன்.

நவம்பர் 15, வெள்ளி

மதியம். இன்று போகமாட்டேன். இது முடிவு. மேனேஜருக்கு எழுதிக் கொடுத்துவிடுவேன். இரண்டு காவலாட்களைப் போட அவர்களால் முடியும். ஒரு மருந்தாளுநரின் வேலை இதுவல்ல.

இரவு. எழுதிக் கொடுத்தேன். "பார்க்கிறேன்" என்றார் மேனேஜர். வெளியே வந்தபோது வேன் ஹாரன் கேட்டது. ஐந்து பேரும் முக்கில் வரிசையாக நின்றார்கள், சின்னவர்கள் நடுவில், நான் நிற்க வேண்டிய கடைசி இடம் காலியாக. நான் வராவிட்டாலும் ஏறத்தான் போகிறார்கள். வீடு அங்கேதானே இருக்கிறது.

போனேன். ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வராததும் அதே அளவு பயமாகத்தான் இருக்கிறது.

எஸ்தருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. யாரோ போனில் அனுப்பியிருக்கிறார்கள், எஸ்டேட் கம்பவுண்டர் சிறுத்தையை விரட்டினார் என்று. திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"போகாதப்போ போனேன்னு சொன்னீங்க. போனப்போ போகலன்னு சொன்னீங்க. அப்படித்தானே?"

"ஆமா."

"நமக்கும் ஒரு புள்ள இருக்கு."

"தெரியும்."

"போக வேண்டாம்னு சொன்னா கேப்பீங்களா?"

கேட்பேன் என்று சொல்லத்தான் எனக்கு ஆசையாக இருந்தது. அவள் ஒருமுறை அழுத்திச் சொல்லியிருந்தால் போதும். அவள் சொல்லவில்லை. "அங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா, உங்களுக்குப் பயமா இருக்குன்னு?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

"என்கிட்ட பொய் சொல்லத் தெரியுது. அவங்ககிட்ட நெசத்தச் சொல்லத் தெரியல" என்று வைத்துவிட்டாள்.

நவம்பர் 18, திங்கள்

இன்று வேனிலிருந்து முதலில் இறங்கியது சுமந்தி. தோளில் பிர்சா, கழுத்தைச் சுற்றிப் பெரிய வெள்ளைக் கட்டோடு. பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு அவள் கணவன். சாலோ தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள். ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். தையல் பிரிக்க என்னிடம்தான் வர வேண்டும்.

எல்லோருமாக ஏறினோம். பாறை வளைவில் சுமந்தி நின்று தேயிலையைப் பார்த்தாள். பிறகு நடந்தாள். பிர்சா அவள் தோளுக்கு மேலிருந்து வழி முழுக்க என்னையே பார்த்துக்கொண்டு வந்தான்.

மேலே டீ குடித்தாயிற்று. லாரியும் வந்துவிட்டது. லைனே சுமந்தி வீட்டு வாசலில்தான் இருந்தது. நான் கம்பை எடுத்துக்கொண்டேன். "சார் கெளம்பிட்டாரு" என்று வழிவிட்டார்கள். நான்கு எட்டு வைத்திருப்பேன், கால் நின்றுவிட்டது. கால்தான் நின்றது, நான் நிற்கவில்லை.

திரும்பினேன். "எனக்குத் தனியா எறங்கப் பயமா இருக்கு" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. "என்ன சார்?" என்றார் ஒருவர், சிரித்துக்கொண்டே.

"நெசமாத்தான். முதல் நாள்ல இருந்தே பயம். அதனாலதான் முதல் வாரம் வரல. காய்ச்சல் எல்லாம் இல்ல. புலிய நான் விரட்டல, அதுவாப் போச்சு. தினம் இங்கேருந்து எறங்கறப்ப செத்து செத்துத்தான் போறேன்."

சிரித்தவர் சிரிப்பை நிறுத்தினார். பேச்சியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். சுமந்தி, "க்யா? சார் என்ன?" என்று மகளைக் கேட்டாள். சாலோ அவர்கள் பாஷையில் சொன்னாள். ஒரு வரியில் முடிகிற விஷயம். அவள் ஏனோ நிறைய நேரம் சொன்னாள், கையால் பாறை, வால், கம்பு எல்லாம் காட்டிக்கொண்டு.

சுமந்தி பிர்சாவைக் கணவன் மடியில் உட்கார வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். கொப்பளம் ஆறிய கையால் கதவோரம் இருந்த, தேயிலைக் கிளை வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீ தனியா எப்படித் திரும்பி வருவ?" என்றேன். அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, பேச்சியம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"ஏ, எந்திரிங்கடி!" என்றாள். "எத்தன பேரு இருக்கோம்? பத்து பேருக்கு மேல போயிட்டுப் பத்து பேரும் திரும்பி வருவோம். என்னமோ சாரு கேக்கணும்னு உக்காந்திருந்திருக்கோம், வெக்கமா இல்ல?"

பெண்கள் எழுந்தார்கள். இரண்டு மூன்று ஆண்களும் டார்ச்சைத் தேடினார்கள். இறங்கினோம். இத்தனை பேர் ஒரே நேரத்தில் இரண்டு பாஷையில் பேசிக்கொண்டு போனால் எந்த மிருகமும் பக்கத்தில் வராது. ஆடு கத்தியதற்கு ஒருத்தி பதிலுக்குக் கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாறையைத் தாண்டும்போது அப்போதும் பயம்தான். ஆனால் ஓடவில்லை.

மருந்தக வாசலில் என்னை விட்டுவிட்டு, "நாளைக்கும் வருவோம், எறங்க லேட்டாக்காதீங்க" என்று பேச்சியம்மா சொன்னாள். ஏறத் தொடங்கினார்கள்.

நான் உள்ளே போகவில்லை. வாசலில் நின்றேன். டார்ச் வெளிச்சங்கள் தேயிலைக்கு நடுவே ஏறி, சோலை ஓரம் போனதும் மறைந்தன. பேச்சுச் சத்தமும் நின்றுவிட்டது. இத்தனை நாளும் எனக்காகப் பயந்தேன். இது வேறு பயம். அதைவிடப் பெரிது. கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். எஸ்தரின் போன் அடித்தது. எடுத்து, "இரு, இன்னும் அவங்க போய்ச் சேரல" என்றேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. வைக்கவும் இல்லை.

கடைசியில் மேலே, மூடுபனிக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. சாலோ.

"சாஆஆர்! எல்லாரும் வந்தாச்சுஉஉ!"

"சரிஈஈ!" என்று நானும் கத்தினேன்.